ராஜபாளையம் குட்டியின் வயிறு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"நாட்டு இனம்ணே, எதைப் போட்டாலும் செரிச்சிடும்." ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்குகிறவர்களுக்குக் கூடவே கிடைக்கும் அறிவுரை இது. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இனம், பெருமைப்படலாம். ஆனால் குட்டியின் வயிற்றுக்கு அந்தப் பெருமை தெரியாது.

நம்பிக்கை: தாய்ப்பால் இல்லையென்றால் பசும்பால் போதும்.

பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜபாளையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாலுக்குப் பஞ்சமில்லாததால் யோசிக்காமல் ஊற்றிவிடுகிறார்கள். நாய்ப்பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசும்பாலில் ஏறத்தாழ பாதிதான், பால்சர்க்கரையோ அதிகம். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்க, கழிச்சல் பிடிக்கிறது. உடனே பாலில் தண்ணீரைக் கலக்கிறார்கள். இருக்கிற கொஞ்சம் சத்தும் அதோடு போகிறது. வயிறு உப்பி, முதுகெலும்பு துருத்தி நிற்கும் குட்டிகள் பல இப்படி ஆனவைதான். நாய்க்குட்டிகளுக்கென்றே பால்மாவு கிடைக்கிறது. அதைக் கொடுங்கள்.

நம்பிக்கை: கேப்பைக் கூழிலேயே வளர்ந்த பரம்பரை, கறி வேண்டாம்.

இதில் பாதி உண்மை. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பனிப்பிரதேசத்து ஹஸ்கிக்கும் ஆஸ்திரேலிய டிங்கோவுக்கும் இது குறைவு. இனத்துக்கு இனம் செரிமானம் மாறுவது நிஜம். ஆனால் பிறந்த குட்டியின் கணையத்தில் இந்த நொதி மிகக் குறைவு. பால்மறக்கும் பருவத்தில்தான் கூடுகிறது. நாலாவது வாரத்திலிருந்து நன்றாக வெந்த கூழ் கொடுக்கலாம், கூடவே வேகவைத்த முட்டையோ முள் நீக்கிய மீனோ கட்டாயம் வேண்டும். கறி தின்றால் மூர்க்கம் ஏறும் என்பது வெறும் பேச்சு.

நம்பிக்கை: கால் நீளமாக வளர கால்சியம் டானிக்.

மூன்றிலும் ஆபத்தானது இதுதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வுகளில், அதிகக் கால்சியம் கொடுத்த கிரேட் டேன் குட்டிகளின் எலும்பு கோணியது. சின்ன பூடில் குட்டிகள் தாங்கிக்கொண்டன. வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும். சிறு குட்டியின் குடலுக்கு அந்தத் திறன் போதாது. வேகமாக வளரும் பெரிய இனத்தில்தான் கேடு வெளியே தெரிகிறது. இரண்டடி உயரத்தைத் தாண்டும் ராஜபாளையமும் அந்த வகைதான். மருத்துவர் சொல்லாமல் டானிக்கும் வேண்டாம், முட்டை ஓட்டுப் பொடியும் வேண்டாம்.

கழிச்சலோடு வாந்தியும் ரத்தமும் கண்டால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். மோர், சுக்கு என்று பொழுதைக் கடத்தாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.