எம்எக்ஸ்-5 காருக்குக் குறைந்த செலவில் ஏர் இன்டேக்: நீங்களே செய்யலாம்

1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, சொந்தக் கையால் வேலை செய்து பழக ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார். அதன் முதல் தலைமுறை 1.6 லிட்டர் மாடலுக்கு ஏர் இன்டேக் செய்யும் முறை இது.

பலர் பளபளக்கும் பெரிய குழாயில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,597 சிசி எஞ்சின் 7,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 5,600 லிட்டர் காற்றை இழுக்கும். 63 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயே அதற்குத் தாராளம். உண்மையான எதிரி வெப்பம். காற்று 20 டிகிரி செல்சியஸிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். இந்தக் காரில் ஏர் பாக்ஸ் இருப்பதோ எக்ஸாஸ்ட் பக்கம். ஆகவே உழைப்பை வெப்பத் தடுப்பில் போடுங்கள்.

தேவையானவை: நல்ல கோன் ஃபில்டர், 3 மி.மீ. அலுமினியப் பிளேட், 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, ரப்பர் பீடிங், கேஸ்கெட் ஷீட், ஹோஸ் கிளாம்புகள், ரிவெட், அரம், ட்ரில். ஃபில்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தூசி உள்ளே போனால் சிலிண்டர் தேயும்.

1. கழற்றுதல்: எஞ்சின் நன்றாக ஆறட்டும். டிக்கியில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஏர் பாக்ஸைக் கழற்றுமுன் எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் குழாய் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

2. அடாப்டர் பிளேட்: ஏர் ஃப்ளோ மீட்டரை நீக்கவே கூடாது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது அதற்குள் இருக்கும் கதவுதான். பெட்ரோல் பம்ப்பை இயக்கும் சுவிட்சும் அதோடு சேர்ந்தது. மீட்டர் வாயின் அளவையும் போல்ட் துளைகளையும் அட்டையில் வரைந்து, அந்த வடிவத்தில் 3 மி.மீ. பிளேட்டை வெட்டுங்கள். ஃபில்டர் மாட்டும் வட்டக் கழுத்தை அதில் பொருத்தி, பிசிறை அரத்தால் தேய்த்தெடுங்கள். பிளேட்டுக்கும் மீட்டருக்கும் நடுவே கேஸ்கெட் அவசியம்.

3. தாங்கி: மீட்டரின் கனம் முழுவதும் ரப்பர் குழாயில் தொங்கக் கூடாது. பழைய ஏர் பாக்ஸ் போல்ட் துளையிலிருந்து ஒரு பிராக்கெட் கொடுங்கள். மீட்டர் முன்பு இருந்த நிலையிலேயே இருக்கட்டும்.

4. வெப்பத் தடுப்பு: இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். முதலில் அட்டையில் மாதிரி செய்து, எக்ஸாஸ்ட் பக்கமும் ரேடியேட்டர் பக்கமும் ஃபில்டரை மறைக்கும்படி வடிவமையுங்கள். முன்னாலிருந்து காற்று வரும் வழி மட்டும் திறந்திருக்க வேண்டும். பிறகு தகட்டை வெட்டி, மடித்து, ரிவெட் அடியுங்கள். மேல் விளிம்பில் பீடிங் ஓட்டினால் பானெட் மூடும்போது அது அழுந்தி அடைத்துக்கொள்ளும். மேலெழும் ஹெட்லைட் தகட்டில் உரசுகிறதா என்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். மழைநீர் தேங்கும் தாழ்வான இடத்துக்கு ஃபில்டரை இறக்கவே வேண்டாம். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடே வளையலாம்.

5. குழாய்: பழைய குழாயில் வெடிப்பு இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதானால் 63 மி.மீ. அலுமினியக் குழாய் போதும். எஞ்சின் ஆடும் என்பதால் இரு முனையிலும் சிலிகான் ஹோஸ் போடுங்கள். பழைய குழாயிலிருந்து பிரிந்த சிறு ஹோஸ்கள் அத்தனைக்கும் புதியதிலும் இணைப்பு வேண்டும்.

6. சோதனை: பேட்டரி வயரை மீண்டும் மாட்டி ஸ்டார்ட் செய்து, மீட்டருக்குப் பின்னால் உள்ள இணைப்புகளில் தண்ணீரை மெலிதாகத் தெளியுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே காற்று கசிகிறது. அளக்கப்படாத காற்று உள்ளே போனால் அதற்கேற்ற பெட்ரோல் கிடைக்காது. அடுத்து, ஃபில்டர் அருகே டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையைக் கட்டி, ஓடும்போது வெளிக் காற்றோடு ஒப்பிடுங்கள். வேகமெடுத்த பிறகும் பெரிய வித்தியாசம் இருந்தால் தடுப்பில் இடைவெளி இருக்கிறது, தேடி அடையுங்கள்.

கூடும் சக்தி கொஞ்சம்தான். ஆனால் வெயிலிலும் எஞ்சின் சோராது. இழுக்கும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். கலிபோர்னியாவில் அரசு விலக்கு எண் இல்லாத இன்டேக் புகைச் சோதனையில் தேறாது. எங்கே ஓட்டினாலும் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய ஏர் பாக்ஸை எறியாமல் பத்திரமாக வையுங்கள்.