கொல்லைப்புறத்துக்கு ஒரு கேஸ் அடுப்பு



"வீட்டுக்குள்ளதான் கேஸ் இருக்கே, வெந்நீருக்குக் கொல்லையில விறகு போதும்" என்பார்கள் பலர். வெளியில் எரித்தாலும், ஊதுகிறவர் முகத்தில்தான் புகை அடிக்கும். கர்ப்பிணி அதைத் தினமும் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

கொல்லைக்குக் கேஸ் அடுப்பு வாங்கும்போது கவனியுங்கள்:

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும்.

2. ஒற்றை பர்னர் போதும். பெரிய பானையை ஆடாமல் தாங்கணும்.

3. காற்றுத் தடுப்பு அவசியம். காற்றில் தீ அணைந்தால் கேஸ் கசிந்து தரையோடு தங்கும்.

4. சிலிண்டர் நிமிர்ந்தபடி தரையில். அடுப்பு அதைவிட உயரமான மேடையில்.

5. ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், தள்ளிப்போய் 1906க்குப் போன் செய்யுங்கள்.

கணவன்மார்களே, செலவுன்னு தள்ளிப் போடாதீங்க. தாயின் மூச்சுதான் பிள்ளையின் மூச்சு.