அரைப்பேரும் முழுப்பேரும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையிற் பிரட்டுக்களத்திற் கூடி, மலைக்குச் சென்று, குறித்த நிறையளவு கொழுந்து எடுத்து வருவார்க்கு முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய சொல் இது. கூலிக் கணக்கிற்காக எழுந்த சொல்லேயாயினும், அதன் பொருளை நின்று நினைப்பார் நெஞ்சம் துணுக்குறும். தராசு காட்டும் நிறைக்கேற்ப ஒரு மனிதனின் பேர் பாதியாகுமோ? ஆகாது. ஆயினும், நெடுங்காலம் பிறரால் அவ்வாறு அளக்கப்பட்ட சமுதாயம், தன்னைத் தானே பாதியாக எண்ணத் தலைப்படுதல் கூடும். இவ்வாபத்தைப் பற்றியும், அதனின்று மீளும் வழியைப் பற்றியும் நம் மாணவர்க்குச் சில கூற விழைகின்றோம்.

இவ்வெண்ணம் எங்ஙனம் வேரூன்றிற்று என்பதை வரலாறு காட்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. கல்வியின் கதையும் இத்தகையதே. 1945இல் நாட்டிற்கு வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளைத் தொடவில்லை. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. ஆகவே, தோட்டத்திலிருந்து வரும் மாணவன் தன்னைக் குறைவாக மதிப்பானாயின், அஃது அவனது பிறவிக் குணமன்று. அவன்மீது ஏற்றப்பட்ட சுமை. ஏற்றப்பட்டதை இறக்கி வைத்தல் கூடும்.

சுமை இருப்பதை அறிவது எங்ஙனம்? அதற்குச் சில அடையாளங்கள் உள. ‘எந்த ஊர்?’ என்று வினவினால், தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டுப் பதுளை என்றோ பண்டாரவளை என்றோ விடையிறுத்தல் ஒன்று. பரிசளிப்பு விழாவுக்குக் கொழுந்தெடுக்கும் தாயை அழைக்கத் தயங்குதல் மற்றொன்று. முயன்று பாராமலே ‘இதெல்லாம் நமக்குச் சரிவராது’ என்று ஒதுங்குதல் யாவற்றினும் கொடியது. இங்கே அரைப்பேர் போடுபவர் கணக்கப்பிள்ளை அல்லர். மாணவனே தன் கையாற் போட்டுக்கொள்கின்றான்.

இனி, வேறொரு தராசும் உண்டு. அது பரீட்சை. உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியைக் கொண்டே தன் வாழ்வின் விலையை அறுதியிடும் மாணவர் பலர். புள்ளி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பல்கலைக்கழக வாயிலைத் திறக்கும் திறவுகோல் அது. ஆயினும் திறவுகோல் வேறு, வீடு வேறு. ஓராண்டுப் பெறுபேறு ஓராண்டுப் படிப்பையே அளக்கும், ஆளை அளக்காது. மலையில் ஒரு தராசினின்று தப்பி வந்தவன், நகரத்தில் மற்றொரு தராசில் தானே ஏறி அமர்தல் பேதைமையன்றோ?

தன்னை மதித்தல் என்பது யாது? அதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1934இல் ஹாலிஎலைக்கு அண்மையில் உள்ள தோட்டமொன்றிற் பிறந்த ஜோசப் என்பார் எழுத்தாளராக மலர்ந்தபோது, தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்டார். பலர் மறைக்க விரும்பிய முகவரியை அவர் நூலின் அட்டையிற் பொறித்தார். ‘நாமிருக்கும் நாடே’ முதலிய நூல்களில் அவர் எழுதியது லயத்து வாழ்வையே. தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது 2013இல் அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார்; தெளிவத்தை என்னும் பெயரோ தமிழ் படிப்போர் வாழும் இடமெல்லாம் சென்று நிலைத்துவிட்டது.

தன்னை மதிப்பவனுக்கே தன் பணி இன்னதென்று புலப்படும். அதனைத் தேடும் மாணவன் தன்னை மூன்று வினாக்கள் கேட்பானாக. எவரும் கற்பியாமலே நான் அறிந்தது யாது? என் ஊரில் எக்குறையைக் காணும்போது என் நெஞ்சு நோகின்றது? அதனைத் தீர்க்க எக்கல்வியை ஆண்டுக்கணக்காகப் பயில நான் ஆயத்தமாயுள்ளேன்? இம்மூன்றும் சந்திக்கும் இடமே அவன் பணியின் வாயில்.

சான்றாக, 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அதனை நினைந்து கண்ணீர் வடித்தோர் ஆயிரவர். அவருள் ஒருவன் மண்ணியலைக் கற்பானாயின், அக்கண்ணீர் பயனுடையதாகும். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் ஒரு பட்டப் படிப்பு. தளிர் முற்றும் பருவத்தையும், கவ்வாத்து வெட்டிய செடி துளிர்க்கும் காலத்தையும் அறிந்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே கூச்சம் எதற்கு? பாட்டியின் தாலாட்டையும் ஒப்பாரியையும் எழுதி வைப்பதும் பணியே. நோயாளியின் மொழியிற் பேசும் தாதியாவதும் பணியே. திறமையான தச்சனாதலும் பணியே. பெரிய பதவிதான் வேண்டுமென்பதில்லை.

ஒன்று மட்டும் மறவற்க. தன்மதிப்பு வேறு, செருக்கு வேறு. பிறரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்துவது செருக்கு. தன்னோடு ஒப்பப் பிறரையும் முழுமையாக எண்ணுவது தன்மதிப்பு. பட்டம் பெற்றபின் லயத்து வாசலில் நிற்கவே கூசுபவன் தன்னை மதித்தவனல்லன். புதிய தராசைக் கையிலெடுத்துத் தன்னோரையே நிறுக்கத் தொடங்கியவன்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும் பருவத்திலேதான் ஊவாத் தேயிலை உலகப்புகழ் பெற்ற தன் மணத்தை அடைகின்றது. துன்பம் நன்றென்று கூற இதனைச் சொன்னோமில்லை. வீசிய காற்றை இகழ்ந்தோ புகழ்ந்தோ பயனில்லை. அக்காற்றிலும் கொழுந்து தன் மணத்தை இழந்ததில்லை என்பதே கருதத் தக்கது. மாணவ மணிகளே, உங்கள் பேரை நீங்களே போடுங்கள், முழுப்பேராகவே போடுங்கள்.