ஷல், வில்: இரு துணைவினைகள்

ஆங்கிலத்தில் எதிர்காலம் உணர்த்த வரும் துணைவினைகள் 'ஷல்', 'வில்' என இரண்டாம். தமிழில் 'செய்வேன்' என்னும் ஒரு சொல்லே காலமும் இடமும் காட்டி நிற்றலின், நாம் அவ்விரண்டையும் ஒருபொருட் சொற்கள் என மயங்குதல் இயல்பே. கதவை அடைக்கட்டுமா என்று கேட்கக் கருதிய நம் நண்பர் ஒருவர், ஆசிரியரிடம் 'வில் ஐ' என்று தொடங்கி வினவினார். "உம் விருப்பத்தை யாம் எங்ஙனம் அறிவோம்?" என்று ஆசிரியர் முறுவலித்தார். அம்முறுவலின் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

பழைய ஆங்கிலத்தில் 'ஷல்' என்பதன் முன்னுருவம் கடன்படுதலையும் கடமையையும் குறித்தது. 'வில்' என்பதன் முன்னுருவம் விரும்புதலைக் குறித்தது. தமிழிலும் 'கடன்' என்னும் சொல் அவ்விரு பொருளும் தருதல் நோக்கத்தக்கது. ஒருவர் தம் உடைமையைப் பற்றிய விருப்பத்தை எழுதிவைக்கும் சாசனமும் ஆங்கிலத்தில் 'வில்' எனப்படும். அதுவே நம் மொழியில் 'உயில்' என வழங்குகின்றது.

ஜான் வாலிஸ் என்பார் 1653-ஆம் ஆண்டில் இலத்தீனில் இயற்றிய ஆங்கில இலக்கணத்துள் இவற்றிற்கு விதி வகுத்தார். தன்மையில் 'ஷல்' வருவதை அறிவிக்கும்; 'வில்' உறுதிமொழியாகவோ அச்சுறுத்தலாகவோ அமையும். முன்னிலை, படர்க்கைகளில் இம்முறை மாறும். 'ஐ வில் கோ' எனின், போவேன் என்னும் துணிவு. 'யூ ஷல் கோ' எனின், நீ போகவே வேண்டும் என்னும் ஆணை. இதன் காரணம் யாது? தன் விருப்பத்தைக் கூறுவோன் உறுதி கூறுகின்றான்; பிறர்மேல் கடமையைச் சுமத்துவோன் ஆணையிடுகின்றான். வினாவிலோ, 'ஷல் ஐ' என்பது கேட்போர் கருத்தை வேண்டும். 'வில் யூ' என்பது அவர் இசைவை வேண்டும். நண்பர் தம் விருப்பத்தையே பிறரிடம் வினவியது இப்பொழுது விளங்கும்.

இவ்விதி ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேரூன்றவில்லை. இற்றைப் பேச்சில் எல்லா இடத்தும் 'வில்' மிகுந்துவிட்டது. எனினும் பழம்பொருள் மறையவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தில் கடமை விதிக்கும் இடங்களில் 'ஷல்' பயில்கின்றது. ஆங்கிலத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் மணமக்கள் இசைவு கூறும் சொல்லோ 'வில்'. ஆண்டு ஆணைக்கு இடமில்லை. உள்ளத்தின் விருப்பமே வேண்டப்படுகின்றது.

ஆதலின், மொழிபெயர்ப்போர் இரண்டையும் 'செய்வேன், செய்வாய்' என்றே எழுதிச் செல்லாது, கடமையோ விருப்பமோ என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும். அன்றேல் ஆணை செய்தியாகும், உறுதிமொழியும் வெறுங்கூற்றாகும்.