வெள்ளத்தை நிறுத்தி அனுப்பும் மண்ணணை

அணை என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது மேட்டூர்: தேங்கிய நீரும் அதை நம்பிய வயல்களும். ஆனால் நீரைச் சேமிப்பதற்காக அன்றி, சிறிது நேரம் நிறுத்தி அனுப்புவதற்காகவே கட்டப்படும் அணையும் உண்டு. அதைப் பற்றி நான் கற்றதை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வாஷிடா என்றோர் ஆறு ஓடுகிறது. 1934 ஏப்ரலில் ஹாமன் என்னும் சிற்றூரருகே அதன் வெள்ளம் 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பேராற்றில் மட்டுமன்றி, அதில் கலக்கும் ஓடைகளிலேயே வெள்ளத்தை மறிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1944-இல் அதற்குச் சட்டம் இடங்கொடுத்தது. 1948-இல் கார்டெல் நகருக்கருகில், கிளவுட் கிரீக் ஓடையில், இவ்வகையின் முதல் மண்ணணை எழுந்தது. பின்னர் அந்நாடெங்கும் 11,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

இதன் அமைப்பு எளிது. ஓடையின் குறுக்கே இறுக்கிய மண்கரை. கரைக்கு அடியில் ஒரு குழாய். நம் ஏரி மதகைத் திறக்க ஆள் வேண்டும். இக்குழாய்க்கோ கதவே இல்லை. நள்ளிரவில் மழை கொட்டினாலும் அது தானே வேலை செய்யும். ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு மணி நேரத்தில் 1,20,000 கன மீட்டர் நீர் வருகிறது. அதாவது மணிக்கு 60,000. குழாய் மணிக்கு 5,000 மட்டுமே விடுவதாகக் கொள்வோம். அதே நீர் வடிய 24 மணி நேரம் ஆகும். ஒரு துளியும் குறையவில்லை. ஆயினும் கீழே உள்ள வயல் காண்பது பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தையே!

மண்ணணைக்குப் பகை, கரைமேல் வழியும் நீர். அது மண்ணை அரித்து உடைப்பை உண்டாக்கும். ஆகவே கரையின் உச்சியைவிடத் தாழ்வாக, பக்கத்து நிலத்தில் புல் வளர்த்த வடிகால் ஒன்று வெட்டுவர். நம் ஏரியின் கலிங்கு செய்யும் பணியே அதன் பணி.

இவற்றுள் பலவற்றுக்கு வகுக்கப்பட்ட ஆயுள் 50 ஆண்டுகளே. வண்டல் படியப் படிய, வெள்ளத்திற்கான இடம் சுருங்குகிறது. இன்னொன்றும் நேர்கிறது: அணை தந்த பாதுகாப்பை நம்பி, வயலாயிருந்த இடத்தில் வீடுகள் எழுகின்றன. பயிரைக் காக்கக் கட்டிய கரை, உயிர்களைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கிறது! பழைய அணைகளைப் புதுப்பிக்க 2000-இல் அங்கே தனிச் சட்டமே வேண்டியிருந்தது.

கரை கட்டுவதோடு கடமை முடிவதில்லை. அதன் கீழே யார் குடியேறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் பொறியியலின் பாற்பட்டதே.