மட்டை வீச்சில் நான் கற்ற பாடம்

மண்டைக்காடு கடற்கரையில் தென்னைமட்டையால் கிரிக்கெட் ஆடும் என் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், “கைப்பிடியின் கடைசியில் பிடியுங்கள், ஆரம் கூடினால் வேகம் கூடும்” என்றேன். அதிகம் பேசாத மாணவன் ஒருவன் எழுந்தான். “இல்ல சார், கொஞ்சம் ஏத்திப் பிடிச்சாத்தான் நல்லா அடிக்கலாம்.” வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

மறுநாள் மைதானத்தில் ஒரே மட்டை, ஒரே பந்து, இரண்டு வகைப் பிடி, ஒவ்வொன்றுக்கும் 5 அடி. தூரத்தை நாடாவால் அளந்தோம். கைவலு மிக்கவர்களுக்கு மட்டுமே கடைசிப்பிடி உதவியது. மற்றவர்களுக்கு ஏற்றிப் பிடித்ததே கைகொடுத்தது.

சூத்திரம் தவறில்லை, நான் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். மட்டையின் கனம் கையைவிட்டு விலக விலக, அதைச் சுழற்றுவது கடினமாகும். இதையே மேல்வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். ஆரம் 60 செ.மீ.இலிருந்து 50 செ.மீ. ஆனாலும், சுழற்சி வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் பந்தில் படும் இடத்தின் வேகமும் கூடிவிடும். பேஸ்பால் வீரர்களும் விரைவாக வீச வேண்டியபோது பிடியை ஏற்றிக்கொள்வதுண்டு.

“நீ சொன்னதிலும் உண்மை இருக்கிறது, நான்தான் யோசிக்கவில்லை” என்று வகுப்பின் முன் சொன்னேன். அதன்பின் அவன் கேள்வி கேட்காத நாளில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். முடிவை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.