கணக்குக்கு ஒரு காப்பு

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இருந்து பிழைக்கப் போன தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். அங்கே ஒரு சந்தில் இருபது பெண்கள் சேர்ந்து சேமிப்புக் குழு நடத்தினார்கள்.

முதலில் கணக்கைப் பேரேட்டில் எழுதினார்கள். பிறகு ஒரு பழைய கணிப்பொறி கிடைத்தது. குழுவில் படித்த பெண் ஒருத்தி கணக்கை அதில் ஏற்றினாள். பேரேடு மூலையில் போய்ச் சேர்ந்தது.

“கணிப்பொறி கெட்டுப் போனால் கணக்கு என்ன ஆகும்?” என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

“பயப்படாதீங்க பெரியம்மா. பென் டிரைவில் நகல் இருக்கு” என்றாள் அந்தப் பெண்.

நகல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பென் டிரைவ் எங்கே இருந்தது? எப்போதும் கணிப்பொறியிலேயே செருகி இருந்தது.

ஒரு ஜூலை மாத இரவில் பெருமழை பெய்தது. மும்பைக்கு மழை புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை ஊரே அறியும். இந்த மழை அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் குழுவின் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. கணிப்பொறிப் பெட்டி தரையில் இருந்தது. மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியும் பென் டிரைவும் ஒன்றாகக் கெட்டன.

பழுது பார்க்கும் தம்பி திறந்து பார்த்தார். “தகவலை மீட்க ஆயிரக்கணக்கில் செலவாகும் அக்கா. கிடைக்கும் என்று உறுதியும் சொல்ல முடியாது” என்றார்.

பெண்கள் தங்கள் சேமிப்புப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான கணக்கு அதில் இருந்தது. ஆனால் இட்லி விற்கும் அம்மாவின் புத்தகத்தில் இரண்டு தவணை குறிக்கப்படவில்லை. தையல்காரப் பெண்ணின் புத்தகத்திலும் அதே இரண்டு மாதம் காலியாக இருந்தது. ஒரு தவணை 600 ரூபாய். வங்கிக் கணக்கில் பெயர் தெரியாமல் இருந்த தொகை 1,200 ரூபாய் மட்டுமே. “நான் கட்டினேன்” என்று இருவரும் சொன்னார்கள்.

யார் சொல்வது சரி? யாருக்கும் தெரியவில்லை. குழு இருவர் சொல்லையும் ஏற்றது. குறைந்த 1,200 ரூபாயை இருபது பேரும் ஆளுக்கு 60 ரூபாயாகப் போட்டு ஈடு கட்டினார்கள். பணக் குறை தீர்ந்தது. மனக் குறை தீரவில்லை. அடுத்தடுத்த வீட்டில் இருந்த அந்த இருவரும் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு குழு கூடியது. நகலை எதில் வைப்பது? தம்பி ஒவ்வொன்றாக விளக்கினார்.

பென் டிரைவ்: விலை குறைவு. கையில் எடுத்துச் செல்லலாம். 16 ஜிபி பென் டிரைவில் பழைய 1.44 எம்பி பிளாப்பிகள் பத்தாயிரத்தில் அடங்குவதைவிட அதிகம் அடங்கும். ஒரு குழுவின் கணக்குக்கு இது தாராளம். ஆனால் எளிதில் தொலையும். பல வருடம் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால் தகவல் அழியவும் கூடும்.

வெளி ஹார்டு டிஸ்க்: நிறைய படங்களும் வீடியோவும் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. பலவற்றின் உள்ளே தட்டு சுழலும். கீழே விழுந்தால் கெட்டுவிடும்.

டிவிடி தட்டு: சாதாரணத் தட்டில் 4.7 ஜிபி கொள்ளும். ஒருமுறை மட்டும் பதியும் தட்டில் எழுதியதை வைரஸ் மாற்ற முடியாது. ஆனால் கீறலும் வெயிலும் ஆகாது. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் தட்டைப் போட இடமே இல்லை.

இணையச் சேமிப்பு: நம் வீட்டில் வெள்ளம் வந்தாலும் நகல் வேறு ஊரில் இருக்கும். ஆனால் இணைய வசதி வேண்டும். கடவுச்சொல்லை மறக்கக் கூடாது. சில முறைகளில், நாம் இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

“அப்படியானால் இணையத்தில் மட்டும் வைத்தால் போதாதா?” என்று தலைவி கேட்டார்.

“போதாது அக்கா. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு பெரிய தகவல் மையம் தீப்பிடித்தது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த பலர் தகவலை இழந்தார்கள். எல்லா முட்டையையும் ஒரே அடையில் வைக்கக் கூடாது” என்றார் தம்பி.

பிறகு அவர் ஒரு எளிய விதி சொன்னார். அதன் பெயர் மூன்று, இரண்டு, ஒன்று.

கணக்கு மூன்று இடத்தில் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு பகுதியிலோ இருக்க வேண்டும்.

குழு முடிவு செய்தது. கணக்கு கணிப்பொறியில் இருக்கும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து உடனே கழற்ற வேண்டும். செருகியே வைத்தால் வைரஸும் அதில் புகும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பல நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பென் டிரைவ் தலைவியின் மாடி வீட்டு அலமாரியில் இருக்கும். மூன்றாவது நகல் இணையத்தில். கடவுச்சொல் இருவருக்குத் தெரியும். மாதம் ஒருமுறை கணக்கை அச்சிட்டும் வைப்பார்கள்.

முதல் நகல் எடுத்ததும் பெரியம்மா விடவில்லை. “வேறு கணிப்பொறியில் திறந்து காட்டு” என்றார். திறந்தால் ஒன்றும் வரவில்லை! கணக்குக்குப் பதிலாக, கணக்கைத் திறக்கும் சிறு படத்தை மட்டும் அந்தப் பெண் நகல் எடுத்திருந்தாள். வெட்கத்துடன் சிரித்தாள். மறுபடி சரியாக எடுத்தாள்.

திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது என்று அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

சிந்தியுங்கள்

1. குழுவிடம் முதலிலேயே நகல் இருந்தது. அது ஏன் உதவவில்லை?
2. 1,200 ரூபாயை 24 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு?
3. உங்கள் வீட்டுப் பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் எங்கே இருக்கின்றன? அசலும் நகலும் ஒரே பெட்டியில் உள்ளனவா?

செய்யுங்கள்

உங்கள் கைபேசியில் உள்ள முக்கியமான படங்களை இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள்.